ஐஸ் கம்பெனியில் கிடந்த லில்லி

பெரிய வெள்ளிக்கு மறுநாள். காலை பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஒரு இறால் கம்பெனியின் பின்வாசலில் நிற்கிறேன். காலடியில் இறால் தலையும் ஐஸ் தண்ணீரும் கலந்து ஓடுகிறது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறேன். நாலாம் வகுப்பு டீச்சர் இப்படி நிற்பதைப் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும் என்ற கவலையெல்லாம் அன்று எனக்கு இல்லை.

எனக்கு முன்னால் கனத்த மரக்கதவு ஒன்று. அதற்குப் பின்னால் குளிர் அறை. அந்த அறையில், இறால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், என்னுடைய நான்கு லில்லித் தொட்டிகள் பதினான்கு நாளாகக் கிடக்கின்றன.

விடிந்தால் ஈஸ்டர். எங்கள் கோயில் பீடத்துக்கு வெள்ளை லில்லி கொண்டுவருகிறேன் என்று பத்துப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பூ உயிரோடு இருக்கிறதா, அழுகிவிட்டதா, இறால் வாடை ஏறி நாறுகிறதா, ஒன்றும் தெரியாது. பதினான்கு நாளில் ஒரு தடவைகூட நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் மிக்கேல் அண்ணாச்சி. கடற்கரைக் கத்தோலிக்கர். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, நம்ம ஆண்டவரு கல்லறைக்குள்ள மூணு நாளுதான் கெடந்தாரு. ஒம் பூவு பதினாலு நாளு கெடந்துருக்கு. தொறக்கட்டுமா?"

"தொறங்க அண்ணாச்சி" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்கிறேன் போல. அவர் இன்னொரு தடவை கேட்டார்.

அவர் கதவைத் திறப்பதற்குள், இந்தப் பூ இறால் கம்பெனிக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டு உப்புக் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள். "கெணத்த எழுதினியே, லில்லிய எப்ப எழுதப் போற? கனகபாய் அக்கா மூக்க எழுதாம விட்டுராத" என்றாள். எழுதாவிட்டால் ஆறு மாதம் பேசமாட்டாள். அவள் குணம் எனக்குத் தெரியும்.

வாய்தான் எனக்குச் சத்துரு

புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் அங்கே குமாஸ்தா. மில்லர்புரத்தில் வாடகை வீடு. முன்னால் பாய் விரித்த அளவுக்கு மண்தரை. அதைத் தோட்டம் என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

எங்கள் கோயிலில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி கனகபாய் அக்கா. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியை. நல்ல உயரம், தங்க ஃபிரேம் கண்ணாடி. அவர் பேசும்போது நாங்கள் எல்லோரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவோம்.

ஈஸ்டர் பீடத்துக்கு லில்லி வைக்கும் வேலை அவருடையது. கொடைக்கானலில் இருந்த அவர் தங்கச்சி ஈரத்தாளில் சுற்றி அனுப்புவார். மலையிலிருந்து இறங்கி, ரயிலேறி, எங்கள் ஊர் வெக்கையில் வந்து சேரும்போது பாதிப் பூவின் விளிம்பு பழுத்திருக்கும். அப்படியும் நாங்கள் "ஆகா" என்போம். வேறென்ன செய்ய?

அந்த வருஷம் அக்டோபரில் சங்கக் கூட்டம். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கமாட்டாமல் நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, இந்த லில்லிய நம்ம ஊருலயே வளத்தா என்ன?"

"தூத்துக்குடிலயா? ஏளா கிரேஸ், உப்பளத்துல நெல்லு வெளஞ்சாலும் வெளையும், இங்கன லில்லி பூக்காது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

அக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஒங்கப்பா தோட்டக்காரர்லா. அதான் ஒனக்கு அந்த நெனப்பு."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று இன்றைக்கு நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு பேர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஆமாக்கா, தோட்டக்காரர் மகதான். வார ஈஸ்டருக்குப் பீடத்துப் பூ எங்க வீட்டுலருந்து வரும். நீங்க கொடைக்கானலுக்கு எழுதாதீங்க."

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி, எழுதல. அன்னைக்குப் பீடம் மொட்டையா நின்னுச்சுன்னா ஒம் பேரத்தான் சொல்லுவேன், கேட்டியா?"

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நல்லாக் கெட்டுது போ" என்றார்.

அப்பாவின் கட்டைவிரல்

என் அப்பா நாசரேத்தில் ஒரு மிஷன் பங்களாவில் தோட்டக்காரர். பங்களா அம்மாமார் கோடைக்கு மலைக்குப் போய்த் திரும்பும்போது லில்லிக் கிழங்கு கொண்டுவருவார்கள். செம்மணல் தேரியான அந்த ஊரில் அவற்றைத் தொட்டியில் வைத்து, நிழலில் தூக்கி, வெயிலில் இறக்கி, எப்படியாவது பத்துப் பூவாவது ஈஸ்டருக்குப் பூக்க வைத்துவிடுவார்.

ஈஸ்டர் காலையில் பூவைக் கொண்டுபோய்க் கோயிலின் பக்கவாசலில் நிற்பார். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார். அப்பா சுற்றிவந்து முன்வாசல் வழியாக நுழைந்து கடைசி வரிசையில் உட்காருவார். பூவுக்கு ஒரு வாசல், அவருக்கு ஒரு வாசல். யாரும் அவரை உள்ளே வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

லில்லிப் பூவுக்குள் ஆறு காம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியில் மஞ்சள் தூள். அது வெள்ளைத் துணியில் பட்டால் அவ்வளவுதான், எந்தச் சோப்புக்கும் போகாது. பீடத்துத் துணி கெட்டுவிடும் என்று அப்பா ஒவ்வொரு பூவிலும் அந்த நுனிகளைக் கிள்ளி எடுத்துவிடுவார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வாரத்துக்கு மஞ்சளாக இருக்கும். ஈஸ்டர் வந்துவிட்டது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுப்பது அந்த விரல்கள்தான்.

கோயிலுக்குப் போகுமுன் கிணற்றடியில் நின்று சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்ப்பார். நற்கருணை அப்பம் வாங்கக் கையை நீட்டும்போது அழுக்காக இருக்கக்கூடாதாம். பங்களா அம்மா ஒரு தடவை முகம் சுளித்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லுவாள். தோல் சிவந்துபோகும் அளவுக்குத் தேய்ப்பார். எனக்கு அது பிடிக்காது. எதற்காகப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாத வயது.

ஆறு கிழங்கு

அப்பா வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலம் அது. நான் எழுதிய கடிதத்துக்கு அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "உனக்கு இந்தச் சோலி தேவையா?" ஆனால் அடுத்த வாரமே கொடைக்கானலில் தோட்டவேலை பார்த்த தன் பழைய சிநேகிதருக்கு எழுதி, ஆறு கிழங்கு வரவழைத்துவிட்டார். ஈரப் பாசியில் பொதிந்து பார்சலாக வந்தது. பார்ப்பதற்குப் பருத்த வெள்ளைப்பூண்டு மாதிரி.

எங்கள் ஊர் மண்ணை நம்ப முடியாது, கையில் எடுத்தால் உப்புப் பூத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்திக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வயல் உண்டு. அவள் வீட்டு வண்டி அரிசி மூட்டையோடு வந்தபோது இரண்டு சாக்கு ஆற்று வண்டலும் வந்தது. மணலும் மட்கின சாணமும் கலந்து ஆறு தொட்டியில் நட்டேன்.

தண்ணீர்தான் பெரும்பாடு. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்து லில்லிக்கு மட்டும் ஊற்றினேன். கடல் காற்றில் இலைமேல் உப்புப் படியாமல் தினமும் சாயங்காலம் அதே தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன்.

"எனக்கு உப்புத் தண்ணி, அதுக்கு நல்ல தண்ணி. இந்த வீட்டுல நான் யாரு?" என்று இவர் முகத்தில் சோப்போடு கேட்பார்.

"நீங்க ஈஸ்டருக்குப் பூப்பீங்களா?" என்பேன்.

கார்த்திகை அடைமழையில் இரண்டு கிழங்கு அழுகிவிட்டது. மற்ற நான்கும் முளைத்து, பிறகு ஒன்றும் பாதகமில்லாமல் விறுவிறுவென்று ஏறின. உப்பளத்துல நெல்லாம்! வா வந்து பாரு என்று மனசுக்குள் அக்காவைத் தினமும் கூப்பிட்டேன்.

காலண்டர் காலை வாரியது

நட்டதிலிருந்து நாலரை மாதத்தில் பூக்கும் என்பது அப்பா கணக்கு. நான் ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணி, நவம்பர் நடுவில் நட்டிருந்தேன். கணக்கு சரி. ஈஸ்டர்தான் தப்பு.

கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் ஒரே தேதியில் நிற்கும். ஈஸ்டர் அப்படி இல்லை, நிலாவோடு சேர்ந்து நகரும். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கிழங்கு வந்த அவசரத்தில், என் வேதாகமத்தின் பின்னட்டையில் குறித்து வைத்திருந்த போன வருஷத்து ஈஸ்டர் தேதியைப் பார்த்து எண்ணிவிட்டேன். அது மார்ச் கடைசியில் வந்த ஈஸ்டர்.

புது வருஷத்து வேதவசனக் காலண்டரை இவர் சுவரில் மாட்டினார். பெருமையோடு தாளைப் புரட்டினேன். ஏப்ரல் நடுவுக்கு அப்பால், ஒரு ஞாயிறுக்குக் கீழே சிவப்பில் ஈஸ்டர் என்று போட்டிருந்தது. இருபது நாள் தள்ளி! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது நாளில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். ஒரு லில்லிப் பூ எங்கள் ஊர் வெக்கையில் நாலு நாள் தாங்கினால் அதிகம். அதோடு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாற்பது நாளும் எங்கள் கோயில் பீடத்தில் பூ வைக்கிற வழக்கம் கிடையாது. என் லில்லி லெந்தில் பூத்து லெந்திலேயே உதிர்ந்துவிடும். ஈஸ்டர் அன்று என்னிடம் நான்கு பச்சைத் தண்டு இருக்கும். பீடம் மொட்டை. அக்கா என் பேரைச் சொல்லுவார். தோட்டக்காரர் மகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

அப்பாவுக்கு எழுதினேன். "முளைத்ததைத் திரும்ப மண்ணுக்குள் அனுப்ப முடியுமா? நிழலில் வை. குளிர்ச்சியாக வை. கொஞ்சம் தாமதிக்கும்" என்று பதில் வந்தது.

வடக்குச் சுவரோரம் தொட்டிகளை நகர்த்தி, சுற்றிக் கோணிச்சாக்கு கட்டி, சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தேன். நாலைந்து நாள் மிச்சமானது. ஏப்ரல் பிறந்தபோது மொட்டுகள் விரல் நீளம் வந்து, பச்சை போய் வெள்ளை ஏறத் தொடங்கியிருந்தன. ஈஸ்டருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அழுகை அழுகையாக வந்தது.

ஐஸ் வண்டி

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருகிறேன். எனக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி, உமி தூவிய ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு, ரோடெல்லாம் சொட்டிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போகிறது. இறாலுக்குப் போகிற ஐஸ். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இறால் கப்பலேறிக் கொண்டிருந்தது, நாளுக்கு நாள் புதுக் கம்பெனி.

குளிர்ச்சியாக வை என்று அப்பா எழுதியிருந்தாரே! இந்த ஊரில் கொடைக்கானலைவிடக் குளிரான இடம் இருக்கிறதே! ரோட்டில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து மாட்டை ஓட்டினார்.

மிக்கேல் அண்ணாச்சி என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கம்பெனிக் காகிதங்களோடு வந்துபோகிறவர். அன்று சாயங்காலமே இவரை இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, எறாவுக்குப் பக்கத்துல பூவ வச்சா பூவு நாறும். பூவுக்குப் பக்கத்துல எறாவ வச்சா எறா மணக்கும். கப்பல்ல வாங்குத வெள்ளக்காரன் எறாவுல சென்ட்டு வாசம் அடிக்குன்னு திருப்பி அனுப்புனாம்னா மொதலாளி என்னய வலைல கட்டிக் கடல்ல எறக்கிருவாரு."

"மொட்டு விரியாது அண்ணாச்சி. விரியாம மணக்காது. விரியக் கூடாதுன்னுதான கொண்டாரேன்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு, "எத்தன தொட்டி?" என்றார்.

"நாலு."

"ஒண்ணு எங்க மாதாவுக்கு. பாஸ்குக்கு மாதா முன்னால வைக்கணும். சம்மதமா?"

அவர்கள் ஈஸ்டரைப் பாஸ்கு என்பார்கள். நாங்களோ புராட்டஸ்டண்ட், சிலைக்கு முன்னால் பூ வைக்காத சபை. நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"சம்மதம் அண்ணாச்சி" என்றேன்.

திரும்பி வரும்போது இவர் சொன்னார், "நம்ம சபைல தெரிஞ்சா ஒன்னைய நீக்கிருவாங்க." "தெரிஞ்சாத்தான" என்றேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் தெரியப்படுத்துகிறேன். நீக்குகிறவர்கள் நீக்கிக்கொள்ளலாம்.

இறால் வாடைக்கு வழி கண்டவர் இவர். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தில் கிடைக்கும். ஒரு பெட்டிக்குள் இரண்டு தொட்டியை நிறுத்தி, அடித்தட்டு பெயர்த்த இன்னொரு பெட்டியை மேலே வைத்து மூடினால் செடி நிமிர்ந்து நிற்க இடம் இருக்கும். இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினார். சனிக்கிழமை காலையில் ஒரு ஜட்கா வண்டி பிடித்து இரண்டு பெட்டியையும் கொண்டுபோய் அறைக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

"ஐஸ் மேல வச்சிராதீங்க அண்ணாச்சி, கருகிரும்" என்று நாலு தடவை சொன்னேன். "நீ போ தங்கச்சி, எம் பிள்ளையப் போலப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

காகித லில்லி

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது கனகபாய் அக்கா என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். வடக்குச் சுவரோரம் தொட்டி இருந்த நான்கு வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது.

"ஏளா, தொட்டிய எங்க?"

"நெழல்ல வச்சிருக்கேன்க்கா."

"எந்த நெழல்ல?"

இறால் கம்பெனி நிழலில் என்று சொல்லவா முடியும்? மென்று விழுங்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சரி, சவத்த விடு. நான் பாத்துக்கிடுதேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் பார்த்துக்கொண்டது என்னவென்று பெரிய வெள்ளியன்று தெரிந்தது. தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து வெள்ளைக் காகிதத்தில் லில்லி செய்யச் சொல்லியிருந்தார். ஒரு கூடை நிறைய, வாசமில்லாத வெள்ளைப் பூ. ஆராதனை முடிந்து கோயில் அறையில் அந்தக் கூடையைப் பார்த்தபோது மூன்று மணி நேரத் தியானமும் எனக்கு மறந்துபோனது.

கதவு திறந்தது

மிக்கேல் அண்ணாச்சி தாழ்ப்பாளை இழுத்தார். வெள்ளைப் புகையாகக் குளிர் வந்து காலைக் கவ்வியது. கூடவே வாடையும். ஐயோ, அந்த வாடை! முந்தானையால் மூக்கை மூடினேன்.

பெட்டி இரண்டையும் வெளியே இழுத்து நிழலில் வைத்தார்கள். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் பேப்பர் ஒட்டைக் கிழித்து முதல் பெட்டியின் மேல்பாதியைத் தூக்கினார். ஒரு செடி நேராக நின்றது. பக்கத்தில் இருந்தது, பெட்டி ஓரத்தில் சாய்ந்து குளிர் தாக்கி, வேகவைத்த கீரைபோலத் துவண்டு கறுத்துக் கிடந்தது.

இரண்டாவது பெட்டி. இரண்டு செடியும் நின்றன. இலை கொஞ்சம் மஞ்சள். மொட்டுகள் உள்ளே போனபோது எப்படி இருந்தனவோ அப்படியே, இறுக வாயை மூடிக்கொண்டு இருந்தன. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, கெட்டியாக.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்று மிச்சம். பீடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு மாதாவுக்கு ஒன்று. நல்லதாகப் பார்த்து அண்ணாச்சியிடம் ஒரு தொட்டியைக் கொடுத்தேன். "இதுலயும் கொறஞ்சத எடுத்துக்கிடுதேன்" என்றார். "சும்மா புடிங்க" என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களை நிழலில் வைத்து, அரிசி கழுவின தண்ணீரால் இலை தண்டெல்லாம் துடைத்தேன். மொட்டின் மேல்தோலையும் துடைத்தேன். எனக்கு எல்லாமே இறாலாக மணந்தது. என் கை, என் புடவை, நான் குடித்த காப்பி.

சாயங்காலம் நாசரேத் பஸ்ஸில் அப்பா வந்தார். நேராக அடுக்களைக்குப் போய் மொட்டுகளைக் குனிந்து பார்த்தார். எதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "எறாக் கம்பெனிலயா?" என்று மட்டும் சொன்னார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"விரியுமாப்பா?"

"சூடு பட்டுட்டுல்லா. அதுக்கு இனி நம்மள வேண்டாம்."

ராத்திரி முழுவதும் விழித்திருந்து பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக்கூடாது. படுத்ததுதான் தெரியும்.

மஞ்சள்

என்னை எழுப்பியது மணம். விடியற்காலை ஆராதனைக்குக் கடிகாரம் அடிக்குமுன்பே அது எழுப்பிவிட்டது. அடுக்களையிலிருந்து வீடு முழுக்க, தேன் மாதிரி, மழை மாதிரி, கனத்த இனிப்பு மணம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழு பூ விரிந்திருந்தது. இன்னும் இரண்டு உதடு பிரித்துக்கொண்டிருந்தது. என் மூக்கை நம்பாமல் அப்பாவை எழுப்பினேன்.

"எறா வாடை அடிக்காப்பா? நெசத்தச் சொல்லுங்க."

ஒவ்வொரு பூவாகக் குனிந்து முகர்ந்தார். "மூடிக் கெடந்ததுக்குள்ள எந்த நாத்தம் போகும்? நல்லாருக்கு மக்கா" என்றார். பிறகு, தோட்டக்காரர் அல்லவா, "தண்டு கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றும் சொன்னார்.

கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கனகபாய் அக்கா பீடத்தில் காகித லில்லிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் இவரும் ஆளுக்கொரு தொட்டியோடு முன்வாசல் வழியாக, நடுப்பாதையில் நடந்தோம். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எங்களுக்கு முன்னால் மணம் நடந்து போனது.

அக்கா திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு காகிதப் பூ. என் தொட்டியருகே வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூவுக்குள் முகத்தையே புதைத்து மூச்சை இழுத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஏளா கிரேஸ்... பூத்துட்டே!" என்றார். "நான் தோத்துட்டேன்ளா. எனக்குச் சந்தோஷமா இருக்கு."

அவர் மூக்கு நுனியில் பொட்டு வைத்ததுபோல மஞ்சள் தூள் அப்பியிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

தன் கையாலேயே காகிதப் பூக்களை வாரிக் கூடையில் போட்டுவிட்டு, அக்கா பீடத்துத் துணியைப் பார்த்துப் பதறினார். "ஏ, இந்த மஞ்சத் தூளு துணில கொட்டுமே. யாருக்குக் கிள்ளத் தெரியும்?"

"எங்கப்பாவுக்கு" என்றேன்.

அப்பா பழக்கப்படி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவ்வளவு தூரத்துக்கும் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி! அங்கன என்ன செய்யுதீங்க? இங்க பீடத்துக்கு வாங்க!"

அப்பா எழுந்து நின்றார். பக்கவாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை விட்டுவிட்டு நடுப்பாதையில் நடந்து வந்து, பீடத்துப் படியேறினார். நாசரேத்தில் நாற்பது வருஷமாக அவர் பூ மட்டும்தான் பீடத்துக்குப் போனது. அன்றைக்கு அவரே போனார். இரண்டு தொட்டிக்கும் முன்னால் நின்று, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பூவாகக் கிள்ளி எடுத்தார். போதகர் வந்து காத்து நின்றார். கோயில் நிறைந்து போயிருந்தது. அத்தனை பேரும் என் அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

நற்கருணைக்கு முழங்காலிட்டபோது எனக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கனகபாய் அக்கா. அக்காவின் மூக்கு மஞ்சள். போதகர் அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பத்தைக் கொடுத்தார். அப்பாவிடம் வந்தார். அப்பா இரண்டு கையையும் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பளிச்சென்று மஞ்சள்.

வெளியே வந்ததும் மிக்கேல் அண்ணாச்சி வாசலில் சைக்கிளோடு நின்றார். "தங்கச்சி, பாஸ்குப் பூசைல மணியடிச்ச நேரத்துக்கு மாதா முன்னால மூணு பூவு விரிஞ்சுட்டு!" என்று ரோட்டிலிருந்தே கத்தினார். யார் இந்த ஆள் என்று அக்கா கேட்டார். துறைமுகத்தில் தெரிந்தவர் என்றேன்.

வீட்டுக்கு வந்தவுடன் ஞாபகம் வந்தது. அடுக்களையில் எலுமிச்சம்பழம் இருந்தது. பாதியாக அறுத்து, ஒரு கை சாம்பலும் எடுத்துக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனேன்.

"கையக் கழுவுங்கப்பா. காஞ்சா போகாது."

அப்பா விரல்களை வெயிலில் விரித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் மக்கா" என்றார். "நாளைக்குக் கழுவிக்கிடுதேன்."